ஜபர்தஸ்து: பொருளும் வேரும் தமிழ்ச் சொல்லும்

"ஓட்டு கேக்க வந்தாங்களா, ஜபர்தஸ்து பண்ண வந்தாங்களா?" தேர்தல் நேரத்தில் குடியாத்தம், ஆம்பூர் பக்கத்துக் கிராமங்களில் கேட்கக்கூடிய பேச்சு இது. ஜபர்தஸ்து என்றால் ஆள்பலம், பணபலம், நிலபலம் இவற்றை முன்னால் நிறுத்தி ஒருவரைத் தன் இஷ்டத்துக்கு இணங்க வைப்பது. அடி விழ வேண்டும் என்பதில்லை. விழும் என்று எதிராளிக்குப் புரிந்தாலே போதும்.

சொல் பாரசீகத்திலிருந்து வந்தது. 'ஜபர்' என்றால் மேல், 'தஸ்த்' என்றால் கை. இரண்டும் சேர்ந்தால் மேலே இருக்கும் கை. நம் ஊரில் "அவன் கை ஓங்கியிருக்கு" என்கிறோமே, அதேதான். தஸ்தாவேஜு, தஸ்கத்து ஆகியவற்றில் இருப்பதும் இந்த 'தஸ்த்'தான். ஆற்காட்டு நவாபுகளின் காலத்தில் நிர்வாக மொழி பாரசீகம் என்பதால் தாலுகா, ஜில்லா, தாசில்தார் போன்ற சொற்கள் இந்த மண்ணில் ஆழமாக ஊன்றிவிட்டன. இன்றும் வாணியம்பாடி உருதுப் பேச்சில் 'ஜபர்தஸ்த்' என்றால் பிரமாதம் என்ற பாராட்டும் உண்டு. தமிழில் அந்த நல்ல பொருள் அதிகம் ஒட்டவில்லை.

கிராமத்தில் இது எப்படி நடக்கிறது? பிரசாரம் ஓய்ந்த பிறகு, ராத்திரி எட்டு மணிக்கு மேல் நாலு பேர் தெருவுக்குள் வருவார்கள். குரல்கூட உயராது. "ஏம்மா, பார்த்து நடந்துக்குங்க. நாளைக்கு மாட்டுக்குப் புல் அறுக்க எங்க கழனிக்குத்தானே வரணும்?" அவ்வளவுதான். கழனி வழியாகப் போகும் பாதை, பம்ப் செட் தண்ணீர், நூறு நாள் வேலையில் பெயர் எல்லாம் அந்த ஒரு வாக்கியத்துக்குள் வந்துவிடும். அப்புறம், "எந்த பூத்துல எத்தனை விழுந்ததுன்னு எங்களுக்குத் தெரிஞ்சுடும்" என்பார்கள்.

இதில் பாதி உண்மை இருப்பதுதான் கொடுமை. நீங்கள் யாருக்குப் போட்டீர்கள் என்பது யாருக்கும் தெரியாது. ஆனால் வாக்கு இயந்திரங்களை ஒவ்வொன்றாகத் தனித்தனியே எண்ணுவதால், உங்கள் சாவடியின் மொத்தக் கணக்கு வெளியே வந்துவிடும். வாக்குச்சீட்டுக் காலத்தில் பல பெட்டிகளின் சீட்டுகளைக் கலந்து எண்ண விதியில் இடம் இருந்தது. 14 இயந்திரங்களின் வாக்குகளை ஒன்றாகக் கூட்டிக் காட்டும் கருவியைத் தேர்தல் ஆணையம் 2008-லேயே முன்வைத்தது. 2015-இல் சட்ட ஆணையமும் பரிந்துரைத்தது. அது வந்திருந்தால் ஒரு தெருவைக் குறிவைத்து மிரட்டுவது இவ்வளவு எளிதாக இருக்காது.

2019-இல் பணப் பட்டுவாடாவைக் காரணம் காட்டி வேலூர் மக்களவைத் தேர்தலையே ரத்து செய்து, ஆகஸ்ட் 5-இல் நடத்தினார்கள். பணத்தைப் பறிமுதல் செய்துவிடலாம். தண்ணீரை நிறுத்துவேன் என்ற பேச்சை எந்தப் பறக்கும் படை பறிமுதல் செய்யும்? சட்டத்தில் குறை இல்லை. 1951-ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் இதை ஊழல் நடவடிக்கை என்கிறது. பட்டியலினத்தவரையோ பழங்குடியினரையோ மிரட்டி ஓட்டுப் போடவிடாமல் தடுத்தால், இன்னாருக்குத்தான் போட வேண்டும் என்று கட்டாயப்படுத்தினால், வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 5 ஆண்டு வரை சிறை உண்டு.

சரி, தமிழில் என்ன சொல்வது? செய்திகளில் 'வற்புறுத்தல்' என்று எழுதுகிறார்கள். விருந்தாளியைச் சாப்பிடச் சொல்வதும் வற்புறுத்தல்தான். 'மிரட்டல்' வாய்ப்பேச்சோடு நின்றுவிடும். 'பலவந்தம்', 'நிர்ப்பந்தம்' இரண்டும் வடமொழி. பொருத்தமானது 'வல்லடி'. வல் என்றால் வலிமை. அடுத்தவன் வரப்பை ஆள் வைத்துப் பிடித்துக்கொண்டு உரிமை பேசுவதை 'வல்லடி வழக்கு' என்பார்கள். ஓட்டிலும் நடப்பது அதுதான்.

"வல்லடியாக ஓட்டுப் போட வைத்தார்கள்" என்று எழுதலாம், பேசலாம். புகார் கொடுப்பதானால் அந்தச் சொல்லோடு நிற்காமல், வந்தவர்கள் யார், எத்தனை மணி, சொன்ன வார்த்தை என்ன என்பதை அப்படியே மனுவில் எழுதுங்கள். தேர்தல் உதவி எண் 1950.