இதயமுடுக்கி: நெஞ்சுக்குள் வைக்கும் ‘பேட்டரி’க்கு உரிய சொல்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டைச் சுற்றியுள்ள ரப்பர் தோட்டங்களில் பிறந்து, பிழைப்புத் தேடிப் பட்டணத்துக்குக் குடிவந்தவர்கள், மார்புக்குள் பதிக்கப்படும் இதயக் கருவியைப் ‘பேட்டரி’ என்றே சொல்கிறார்கள். “நெஞ்சுக்குள்ள பேட்டரி வெச்சிருக்காங்க வாத்தியாரே” என்று சட்டையின் மேல் பொத்தான்கள் இரண்டைக் கழற்றி, இடப்பக்கக் காறையெலும்புக்குக் கீழே தீப்பெட்டியைத் தோலுக்கடியில் செருகினாற்போல் புடைத்திருந்த இடத்தைத் தொட்டுக் காட்டிய பக்கத்து வீட்டு மாமா, 36 ஆண்டுகள் பால்மரம் வெட்டியவர். நாடித்துடிப்பு 38க்கு இறங்கி, கோயில் படியேறும்போது கண் இருண்டு விழுந்தவரை மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். கருவியோடு திரும்பி வந்தார். ஓர் அட்டையும் மலாய்மொழித் துண்டேடு ஒன்றும் கையில் இருந்தன. துண்டேட்டைப் படித்துச் சொல்லச் சொன்னவர், நான் படித்து முடித்ததும், “இதுக்குத் தமிழ்ல என்னா பேரு?” என்று கேட்டார். ‘இதயமுடுக்கி’ என்று உடனே சொன்னேன். “முடுக்குனா வேகமால்ல ஓடும்? எனக்கு அப்படி ஒண்ணும் ஓடலியே” என்று அவர் திருப்பிக் கேட்டபோதுதான், அந்தச் சொல்லை இத்தனை ஆண்டுகளும் எடைபோட்டுப் பார்க்காமலே சொல்லிவந்திருக்கிறேன் என்பது எனக்கு உறைத்தது.

ஆங்கிலத்தில் இதற்குப் பேஸ்மேக்கர் என்று பெயர். ‘பேஸ்’ என்பது காலடியைக் குறிக்கும் ‘பாசுஸ்’ என்ற இலத்தீன் சொல்லின் வழிவந்தது; அடி, அடி வைக்கும் நடை, நடையின் வேகம் என்று அதன் பொருள் விரிந்தது. பந்தயங்களில் முன்னே ஓடி, பின்வருவோருக்கு வேகத்தை வகுத்துக் கொடுப்பவரே முதலில் பேஸ்மேக்கர் எனப்பட்டார். பரிசு வாங்குவது அவர் வேலையன்று. நடை குலையாமல் காப்பதே அவர் வேலை. இச்சொல் மருத்துவத்துக்குள் வந்தபோது கருவி எதுவும் இல்லை. இதய மேலறைகளுக்கும் கீழறைகளுக்கும் இடையில் மின்தூண்டலைக் கடத்தும் முடிச்சை ஜப்பானியரான சுனாவோ தவாரா 1906இல் விளக்கினார். மறு ஆண்டு ஆர்தர் கீத், மார்ட்டின் ஃபிளாக் என்ற இருவரும் வலது மேலறையின் மேற்பகுதியில் உள்ள சைனஸ் முடிச்சைக் கண்டறிந்தனர். ஓய்வில் நிமிடத்துக்கு 60 முதல் 100 வரை எழும் துடிப்பு அங்கிருந்தே பிறக்கிறது என்று தெளிந்தபின், பந்தயக்காரரின் பெயர் அம்முடிச்சுக்கு ஏறியது. 1932இல் நியூயார்க் மருத்துவர் ஆல்பர்ட் ஹைமன், நின்ற இதயத்தை மின்தூண்டலால் இயக்க முயன்ற தம் பொறியைச் ‘செயற்கை’ என்ற அடைமொழி சேர்த்து அப்பெயரால் குறித்தார். பிற்காலத்தில் அடைமொழி உதிர்ந்தது. உறுப்புக்கும் கருவிக்கும் ஒரே பெயர் நின்றது.

முழுக்க உடலுக்குள் வைத்துத் தைத்த முதற்கருவி 1958 அக்டோபர் 8 அன்று சுவீடனின் கரோலின்ஸ்கா மருத்துவமனையில் பொருத்தப்பட்டது. பொறியாளர் ரூனே எல்ம்க்விஸ்ட் அதைச் செய்தார். அறுவை மருத்துவர் ஓக்கே சென்னிங் அதை வைத்தார். காலணி மெருகு டப்பாவையே அச்சாகக் கொண்டு எபாக்சிப் பிசினில் மின்சுற்றை வார்த்தார்கள் என்பர். பாலைத் தட்டில் ஊற்றி உறையவைத்துப் பழகிய தோட்டத்தாருக்கு இது விளங்காத வேலையன்று. அக்கருவி சில மணி நேரமே உழைத்தது. ஆனால் அதை முதலில் ஏற்ற ஆர்னே லார்சன், அப்போது 43 வயதினர், வாழ்நாளில் மொத்தம் 26 கருவிகளை மாற்றிக்கொண்டு 2001 வரை, 86 வயது வரை வாழ்ந்தார். இன்றைய கருவியின் மின்கலம் பெரும்பாலும் பத்தாண்டை ஒட்டி உழைக்கிறது. தீரும்போது கம்பியை விட்டுவிட்டுப் பெட்டியை மட்டும் மாற்றுகிறார்கள். மக்கள் ‘பேட்டரி’ என்றதில் பாதி உண்மை உண்டு என்பதற்கு இதுவே சான்று.

இனித் தமிழுக்கு வருவோம். ‘முடுக்கு’ என்னும் வினை, விரட்டுதல், தூண்டிவிடுதல், இறுக்கித் திருகுதல் என்ற பொருள்களில் வழங்குவது. மாட்டை முடுக்குகிறோம், கிடப்பில் போன வேலையை முடுக்கிவிடுகிறோம், ஆணியைத் திருகி முடுக்குகிறோம். ஹைமனின் பொறி, கையால் சுற்றி முறுக்கேற்றும் சுருள்வில்லால் ஓடியது என்பதை நினைக்கும்போது, தமிழாக்கியவர் இதை அறிந்தாரோ இல்லையோ, சொல் தற்செயலாகவேனும் பொருந்திவிட்டது என்று தோன்றுகிறது. இடர் வேறிடத்தில் உள்ளது. தமிழ்வழி இயற்பியல் நூல்கள் ‘முடுக்கம்’ என்ற சொல்லை, திசைவேகம் மாறும் வீதத்துக்கு உரியதாக்கிவிட்டன. அதனால் முடுக்கி என்றவுடன் காரின் வேகமிதிதான் நினைவுக்கு வருகிறது. மாமாவின் ஐயம் அந்த வழியே வந்தது, அவர் இயற்பியல் படிக்காவிட்டாலும்.

கருவி உண்மையில் செய்வது என்ன? அதன் கீழ்வரம்பை 60 என்று அமைத்திருந்தால், ஒரு துடிப்புக்குப்பின் அது ஒரு நொடி பொறுத்திருக்கிறது. அதற்குள் இதயம் தானே துடித்துவிட்டால் அது வாய் திறப்பதில்லை. துடிக்காவிட்டால் மட்டும், சிரை என்னும் இரத்தக் குழாயின் வழியாக இதயத்துக்குள் இறக்கிய மெல்லிய கம்பியினூடே ஒரு சிறு மின்துடிப்பை அனுப்புகிறது. உடலசைவை உணர்ந்து நடக்கும்போது துடிப்பைக் கூட்டும் வகைகளும் உண்டு. ஆனால் அடிப்படை வேலை காத்திருப்பதே. எங்கள் கோயில் பஜனையில் பாடுபவர் அடி மறந்து தடுமாறும்போது, மூலையில் இருக்கும் பெரியவர் ஒருவர் அடியெடுத்துக் கொடுப்பார். பாட்டு நடக்கத் தொடங்கியதும் அடங்கிவிடுவார். இக்கருவிக்கு இதைவிட நெருங்கிய உவமையை நான் காணவில்லை. இலத்தீன் சொல்லின் மூலப்பொருளும் அடியே என்பது கூடுதல் மகிழ்ச்சி.

அடியிலிருந்து நடைக்கு வந்தால், தமிழ் மருத்துவம் இங்கே ஏற்கெனவே குடியிருக்கிறது. சித்த மருத்துவர் நாடியின் வேகத்தை ‘நாடிநடை’ என்பார். வாத நாடி அன்னம் போலவும் மயில் போலவும், பித்த நாடி ஆமை போலவும் அட்டை போலவும், ஐய நாடி தவளை போலவும் பாம்பு போலவும் நடக்கும் என்று வகுத்துச் சொல்வர். ஆக, பேஸ்மேக்கர் என்பதை நேரே தமிழாக்கியிருந்தால் ‘நடை’யை வைத்தே சொல் பிறந்திருக்க வேண்டும். மலாய்க்காரர்கள் ஏறத்தாழ அதைத்தான் செய்தார்கள்: துண்டேட்டில் இருந்த ‘பெரெந்தாக் ஜந்துங்’ என்பதில் ‘ரெந்தாக்’ தாளநடையைக் குறிக்கிறது, முன்னொட்டு அதைச் செய்விக்கும் கருவியாக்குகிறது. ‘ஜந்துங்’ இதயம், மலாயில் வாழைப்பூவும் ‘ஜந்துங் பீசாங்’தான். தமிழில் நெஞ்சாங்குலையும் குலை, வாழைக்குலையும் குலை என்பதை மாமாவிடம் சொன்னபோது, அன்றைய பாடத்தில் அவருக்கு மிகவும் பிடித்தது அதுவாகவே இருந்தது.

சிலர் இதயத்துடிப்பின் தாளக்கேட்டை ‘லயப்பிறழ்வு’ என்று எழுதுகிறார்கள். இசை தெரிந்தவருக்கு அழகான சொல். எங்கள் ஊரில் லயம் என்றால் தோட்டத்து வரிசைவீடு. லயம் பிறழ்ந்துவிட்டது என்றால் கூரை சரிந்துவிட்டதா என்று கேட்பார்கள். ‘துடிப்புச் சீர்கேடு’ போதும்.

ஆயினும் ‘இதயமுடுக்கி’யைத் தள்ளிவிட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. நாளேடுகளிலும் மருத்துவக் கட்டுரைகளிலும் வேரூன்றிவிட்ட சொல் அது. தூண்டிவிடுதல் என்னும் பழம்பொருள் அதற்கு உயிரோடிருக்கிறது. கருவிக்கு அதையே வைத்துக்கொள்ளலாம். சைனஸ் முடிச்சுக்கும் ‘இயற்கை இதயமுடுக்கி’ என்று எழுதி ஆங்கிலத்தின் குழப்பத்தை நாமும் விலைகொடுத்து வாங்குவது தான் வேண்டாதது. துடிப்பு ஊறிவரும் இடமாதலால் அதைத் ‘துடிப்பூற்று’ எனலாம் என்பது என் கருத்து.

இதைவிடக் கவலை தரும் குழப்பம் ஒன்று மாமாவின் வீட்டிலேயே நடந்தது. அவருக்கு வந்தது ‘ஹார்ட் பிளாக்’ என்று யாரோ சொல்ல, உறவினர்கள் அனைவரும் அதை இரத்தக்குழாய் அடைப்பு என்று எடுத்துக்கொண்டார்கள். பிளாக்குக்கு, குழாயை விரித்துவைக்கும் ஸ்டென்ட் வைக்காமல் பேட்டரி வைத்தது ஏன் என்று பினாங்கிலிருந்து மருமகன் தொலைபேசியில் சண்டைபிடித்தார். மாரடைப்பில் அடைபடுவது இதயத் தசைக்குக் குருதி கொண்டுசெல்லும் குழாய். மாமாவுக்கு அடைபட்டதோ, மேலறையிலிருந்து கீழறைக்குச் செல்லும் மின்தூண்டலின் வழி. இதை ‘இதய அடைப்பு’ என்று சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் பினாங்கு மருமகனைப் போல் எல்லாரும் வழிதவறுவார்கள். ‘கடத்தல் தடை’ என்று எழுதியும் பார்த்தேன். சுங்கத்துறைச் செய்தி போல் இருந்தது. ‘மின்கடத்தல் தடை’ என்றால் நீளம் சற்றுக் கூடினாலும் பொருள் சிதறவில்லை.

மற்றொரு கருவி உருவத்தில் ஒத்தது, வேலையில் வேறானது. இதயத்தின் கீழறை கட்டின்றி விரைந்து, பின் ஒவ்வொரு தசைநாரும் தன்போக்கில் துள்ளத் தொடங்கினால், குருதி வெளியேறுவது நின்றுபோகும். சில நிமிடங்களில் உயிர் பிரியும். சிறுநார் என்னும் பொருளுள்ள ‘ஃபிப்ரில்லா’ என்ற இலத்தீன் சொல்லால் இதை ஃபிப்ரிலேஷன் என்கின்றனர். அதைப் போக்குவது டிஃபிப்ரிலேட்டர். தமிழில் ஃபிப்ரிலேஷனுக்குச் சொல்லுக்குச் சொல் பொருந்துவது ‘குலைநடுக்கம்’. குலை இதயம்தானே? ஆனால் அச்சொல்லை அச்சம் முன்பே எடுத்துக்கொண்டுவிட்டது. மருத்துவருக்குத் திருப்பித் தராது. ‘உதறல்’ அச்சத்துக்கும் ஆகும், குளிர்காய்ச்சலுக்கும் ஆகும். உடம்பின் நிலை என்ற பொருள் அதில் தங்கியிருப்பதால் ‘உதறல்நீக்கி’ என்பதையே நான் எடுத்துக்கொள்கிறேன்.

உடலுக்குள் வைக்கத்தக்க உதறல்நீக்கியை உருவாக்கியவர் மிஷெல் மிரோவ்ஸ்கி. தம் ஆசிரியர் 1966இல் இத்தகைய துடிப்புச் சீர்கேட்டால் இறந்ததே அவரை இம்முயற்சியில் இறக்கியது. 1980 பிப்ரவரியில், பால்டிமோரில் உள்ள ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில், மனிதருக்கு முதன்முதலாக அது பொருத்தப்பட்டது. இது துடிப்பை ஓயாமல் கண்காணித்து, ஆபத்தான விரைவைக் கண்டால் முதலில் விரைந்த சிறு தூண்டல்களால் அடக்கப் பார்க்கும். அடங்காவிட்டால் ஏறத்தாழ 40 ஜூல் வரையிலான மின்னதிர்ச்சியைக் கொடுக்கும். விழித்திருப்பவருக்கு அது நெஞ்சில் மாடு உதைத்தாற்போல் இருக்கும். இதயமுடுக்கியின் தூண்டலைப் பெரும்பாலானோர் உணர்வதேயில்லை. இரண்டையும் ‘பேட்டரி’ என்ற ஒரே பெயரால் அழைக்கும் குடும்பத்தில், எவருக்கு உதை விழும், எவருக்கு விழாது என்று தெரியாமல் போகிறது; அதனால்தான் இந்த இரு சொற்களையாவது பிரித்து வழங்க வேண்டும் என்கிறேன்.

இவ்வகைக் கருவிகள் அனைத்துக்கும் பொதுப்பெயராக ‘உட்பதி கருவி’ என்பது பொருந்தும். பொருத்துவது வெளியிலும் ஆகும். பதிப்பது உள்ளே வேர்கொள்ள விடுவது. கிளையை மண்ணில் பதியம் போட்டவர்களுக்கு வேறுபாட்டை விளக்க வேண்டியதில்லை. மார்புத் தோலுக்கடியில் வைக்கப்பட்டு, சிகிச்சை எதுவும் தராமல், துடிப்பை மட்டும் ஆண்டுக்கணக்கில் குறித்துவைக்கும் சிறு கருவியும் உண்டு. பதிவதும் பதிக்கப்படுவதும் ‘பதி’ என்னும் ஒரே வேரில் நிற்பதால் ‘உட்பதி பதிவி’ என்பது காதுக்கு இரட்டிப்பாக ஒலித்தாலும் பிழையில்லை.

துண்டேட்டின் எச்சரிக்கைகளை மாமாவுக்கு வாய்மொழியாகச் சொன்னேன். கைப்பேசியைக் கருவியிலிருந்து 15 செண்டிமீட்டராவது தள்ளி வைக்க வேண்டும், ஆகவே இடப்பக்கச் சட்டைப்பை ஆகாது. மகனின் பட்டறையில் வெல்டிங் நடக்கும்போது பக்கத்தில் நிற்கக் கூடாது. எந்த மருத்துவரிடம் போனாலும் அட்டையைக் காட்ட வேண்டும். கடைசி வரியைப் படிக்கத் தயங்கினேன். அவரே விரலை வைத்து, “இது என்னா?” என்றார். இறந்தபின் உடலை எரிப்பதானால் கருவியை முன்பே எடுத்துவிட வேண்டும். தீயில் மின்கலம் வெடிக்கும் என்று சொன்னேன். அவர் சிறிது நேரம் புடைப்பைத் தடவிக்கொண்டிருந்தார். தம்மை மின்சுடலைக்குத்தான் கொண்டுபோக வேண்டும் என்று பிள்ளைகளிடம் முன்பே சொல்லிவைத்திருப்பதாகவும், அவர்கள் அந்த நேரத்து அழுகையில் மறந்துவிடுவார்கள் என்றும் சொல்லி, அட்டையோடு வைத்துக்கொள்ள ஒரு தாளில் தமிழில் எழுதித் தரும்படி கேட்டார். ‘இவர் மார்பில் இதயமுடுக்கி பதிக்கப்பட்டுள்ளது, எரியூட்டுவதற்கு முன் அகற்றுக’ என்று எழுதிக் கொடுத்தேன். வாங்கி ஒருமுறை வாய்விட்டுப் படித்தவர், பேனாவையும் தாளையும் என்னிடமே திருப்பி நீட்டினார்.

“கீழ பேட்டரின்னும் எழுதிடுங்க வாத்தியாரே.”

எழுதினேன்.