கேமராவை அரிசியில் புதைக்கும் முன்…

மறுபடியும் அரிசி மூட்டைக்குள் கிடந்த கேமரா ஒன்று பழுதுபார்க்கும் மேசைக்கு வந்திருக்கிறது. லென்ஸ் மாட்டும் வளையத்தில் வெள்ளை மாவு, கார்டு போடும் இடுக்கில் ஒரு நொய். சொல்லப்பட்ட கோளாறு: "கொடைக்கானல் கோக்கர்ஸ் வாக்கில் க்ளிக் ஆகல, பனி உள்ள இறங்கிடுச்சு." பனியும் இறங்கவில்லை, ஒன்றும் இறங்கவில்லை. ஃபோகஸ் கிடைக்கவில்லை, அவ்வளவுதான்.

பள்ளத்தாக்கை மேகம் மூடியதும் எதிரே இருப்பது வெறும் வெள்ளைத் திரை. ஆட்டோ ஃபோகஸுக்கு ஒரு விளிம்பு வேண்டும், வெளிச்சமும் இருட்டும் உரசும் ஒரு கோடு. அது இல்லையென்றால் லென்ஸ் முன்னும் பின்னும் ஓடித் தேடும், நிற்கும், திரும்பவும் தேடும். ஒன் ஷாட், சிங்கிள் என்று பெயர் போட்ட முறைகளில் ஃபோகஸ் உறுதியாகும்வரை பெரும்பாலான கேமராக்கள் ஷட்டரை விடாது. மங்கலாகப் படம் விழக் கூடாது என்று கம்பெனியே வைத்த தடை அது. பட்டனை இன்னும் பலமாக அமுக்கினால் பட்டன்தான் போகும்.

லென்ஸ் பக்கத்திலுள்ள சுவிட்சை ஏ.எஃப்.இலிருந்து (ஆட்டோ ஃபோகஸ்) எம்.எஃப்.க்கு (கையால் ஃபோகஸ்) தள்ளிவிட்டு அழுத்துங்கள். சுவிட்ச் இல்லாத லென்ஸ் என்றால் மெனுவில் மாற்றலாம். ஷட்டர் விழுந்தால் கேமரா நன்றாகவே இருக்கிறது. மேகத்துக்குள்ளேயே படம் வேண்டுமா? ஏறக்குறைய அதே தூரத்தில் தெரியும் மரக்கிளையையோ கம்பி வேலியையோ பார்த்துப் பட்டனைப் பாதி அழுத்தி, விரலை எடுக்காமல் கேமராவைத் திருப்பி மீதியை அழுத்துங்கள்.

எம்.எஃப்.இலும் விழவில்லை என்றால் பேட்டரியைப் பாருங்கள். விடிகாலைக் குளிரில் லித்தியம் பேட்டரி சோர்ந்துவிடும். கழற்றி உள்சட்டைப் பையில் பத்து நிமிடம் வைத்தால் பெரும்பாலும் எழுந்துவிடும். கார்டின் ஓரத்துப் பூட்டு கீழே இறங்கியிருக்கிறதா, செல்ஃப் டைமர் ஓடுகிறதா என்றும் ஒரு பார்வை. பழைய நிக்கான் 'டி' லென்ஸ் மாட்டி திரையில் 'எஃப்.ஈ.ஈ' (fEE) என்று வந்தால், ஒளித் துளையின் அளவை மாற்றும் அப்பெர்ச்சர் வளையத்தை 22 போன்ற கடைசிப் பெரிய எண்ணில் வைத்துப் பூட்ட வேண்டும். கேனானில் 'எர்ர் 01' (Err 01) வந்தால் லென்ஸைக் கழற்றி, பொன்னிறத் தொடுபுள்ளிகளை உலர்ந்த மென்துணியால் துடையுங்கள். வாயால் ஊதாதீர்கள், எச்சில் தெறிக்கும்.

ஈரம் நிஜமாகவே பிடிப்பது வேறு நேரத்தில். பேரிஜம் ஏரிப் பக்கம் குளிரில் சுற்றிவிட்டு, ஹீட்டர் ஓடும் அறைக்குள் நுழைந்ததும் கேமராவைப் பையிலிருந்து எடுக்கிறீர்களே, அப்போது. வெளியிலேயே ஜிப் கவரில் போட்டு மூடுங்கள். அறைக்குள் ஒன்றிரண்டு மணி நேரம் அப்படியே இருக்கட்டும், நீர்த்துளி கவருக்கு வெளியே படியும். ஏற்கனவே பனித்துவிட்டதா? ஆஃப் செய்து, பேட்டரி, கார்டு இரண்டையும் எடுத்துவிட்டு, ஈரம் உறிஞ்சும் சிலிகா ஜெல்லோடு மூடிய டப்பாவில் ஒரு நாள் வையுங்கள்.

அரிசி பிரியர்களுக்கு: லென்ஸ் கண்ணாடிகளுக்கு நடுவே நிற்கும் ஈரத்தை வெளியே கிடக்கும் அரிசி இழுத்துவிடாது. அதன் மாவு மட்டும் உள்ளே போகும். ஹேர் டிரையர் அதைவிட மோசம். பசை இளகும், லென்ஸின் கிரீஸ் அப்பெர்ச்சர் இதழ்களில் படியும். கணப்பு அடுப்பருகே வைப்பதும் அதே கணக்குதான்.

தண்ணீரில் விழுந்த கேமராவை 'ஓடுதா பார்ப்போம்' என்று ஆன் செய்யவே செய்யாதீர்கள், தயவுசெய்து. பேட்டரியை எடுத்துவிட்டு அன்றைக்கே பழுது பார்ப்பவரிடம் கொடுங்கள். வீட்டில் ஸ்க்ரூ கழற்றும் வேலையும் வேண்டாம். பேட்டரி எடுத்த பிறகும் ஃப்ளாஷ் கெபாசிட்டரில் ஏறக்குறைய 300 வோல்ட் நிற்கலாம்.

அக்டோபர், நவம்பர் மழையில் கேமரா பையைத் துணி பீரோவுக்குள் அடைக்காதீர்கள், லென்ஸில் பூஞ்சை பிடிக்கும். காற்றுப்புகாத டப்பாவும் சிலிகா ஜெல்லும் போதும். நீல மணிகள் ரோஜா நிறமானால் சமையல் பாத்திரத்தில் வறுக்க வேண்டாம், அதில் கோபால்ட் இருக்கிறது, சாப்பாட்டோடு சேரக் கூடாது. புதிதாக ஒரு பொட்டலம் வாங்கிவிடுங்கள்.