ஒரே கணினியில் இரண்டு பைதன் இருந்தால் சண்டை வராதா?

திருகோணமலை கோணேசபுரி வளாகத்தில் படிக்கும் ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: உபுண்டு இயங்குதளத்தை 22.04இலிருந்து 24.04க்கு மாற்றியதும் பைதன் நிரல்மொழியின் 3.10 பதிப்பு போய் 3.12 வந்துவிட்டது. இறுதியாண்டு புரொஜெக்ட் பழையதில்தான் ஓடும். இரண்டையும் வைத்தால் ஒன்றையொன்று கெடுக்காதா?

ஒரே இடத்தில், ஒரே பெயரில் வைத்தால் கெடுக்கும். உபுண்டுவில் மென்பொருளை நிறுவித் தரும் ஏப்டி (apt) ஒரு பெயருக்கு ஒரு பதிப்பைத்தான் வைத்திருக்கும்; புதியது வந்ததும் பழைய கோப்புகளை எடுத்துவிடும். அதனால்தான் பதிப்பு எண்ணையே பெயரோடு ஒட்டி, பைதன் 3.10 ஒரு பேக்கேஜ் (நிறுவத் தயாரான மென்பொருள் பொதி), 3.12 வேறொரு பேக்கேஜ் என்று பிரிக்கிறார்கள். மற்ற நிரல்கள் எடுத்துப் பயன்படுத்தும் நிரல் தொகுப்புகளான லைப்ரரிகளிலும் இதே வழிதான். ஜாவாஸ்கிரிப்ட்காரர்கள் பேக்கேஜ்களை நிறுவும் என்பிஎம் (npm), பதிப்புகள் ஒத்துப்போகாவிட்டால் ஒவ்வொரு பேக்கேஜுக்குள்ளும் தனிப் பிரதி வைத்துவிடும். டிஸ்க் நிரம்புவது வேறு கதை.

சரி, பேக்கேஜ்களை நிறுவுவதில் எனக்குப் பிடித்த கருவியான நிக்ஸுக்கு (Nix) வருகிறேன். நெதர்லாந்தின் உட்ரெக்ட் பல்கலைக்கழகத்தில் ஈல்கோ டோல்ஸ்ட்ரா செய்த முனைவர் ஆய்வு இது. ஆய்வேடு 2006இல் வந்தது. இங்கே என்றால் "இதைப் படித்து என்ன வேலை கிடைக்கும்?" என்று கேட்டே காசை நிறுத்தியிருப்பார்கள்.

நிக்ஸில் ஒவ்வொரு பேக்கேஜுக்கும் தனி ஃபோல்டர். அதன் பெயர் 32 எழுத்துள்ள ஒரு ஹாஷில், அதாவது கைரேகை போன்ற ஓர் அடையாளத் தொடரில் தொடங்கும். மூல நிரல், அதை ஓடக்கூடியதாக மாற்றும் கம்பைலர், கட்டும் (build) முறை, சார்ந்திருக்கும் லைப்ரரிகள் எல்லாவற்றையும் சேர்த்துக் கணக்கிட்டது அது. ஒரு சிறு அமைப்பை மாற்றினாலும் ஹாஷ் மாறும், ஃபோல்டரும் வேறாகும். ஆகவே ஒரே 3.10ஐ இரண்டு விதமாகக் கட்டி வைத்தாலும், கன்னியா வெந்நீர்க் கிணறுகள் ஏழும் போலப் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும், கலக்காது. தனக்கு வேண்டிய லைப்ரரி எந்த ஃபோல்டரில் என்பதை, கட்டும்போதே நிரலுக்குள் முழு முகவரியாக எழுதிவிடுவார்கள்.

அப்புறம்தான் அழகான வேலை. கட்டி முடிந்ததும் நிக்ஸ் அந்தக் கோப்புகளை பைட் பைட்டாக வாசித்து, கட்டப் பயன்பட்டவற்றின் ஹாஷ்கள் உள்ளே எங்காவது தென்படுகின்றனவா என்று தேடும். தென்பட்டால் அது ஓடும்போதும் தேவை. இல்லையென்றால் கட்டுவதற்கு மட்டுமே தேவைப்பட்டது. யாரும் பட்டியல் எழுதித் தர வேண்டாம். 32 எழுத்துத் தொடர் தற்செயலாக வந்து விழாது என்ற ஒரே நம்பிக்கையில் எல்லாம் நடக்கிறது! கோப்பு சுருக்கப்பட்டிருந்தால் மட்டும் ஹாஷ் கண்ணில் படாமல் போகலாம். இந்த ஹாஷ்களில் e, o, t, u என்ற நான்கு ஆங்கில எழுத்துகளும் கிடையாது. கெட்ட வார்த்தை எதுவும் உருவாகிவிடக் கூடாதாம்.

இப்படி யார் யாரைச் சார்ந்தது என்று தெரிவதால், எவருக்கும் வேண்டாததைத் தயங்காமல் அழிக்கலாம். புது அப்டேட் சரிவராவிட்டால் பழைய ஃபோல்டர் அங்கேயே இருக்கும். எந்த ஃபோல்டர் என்று காட்டும் ஒரு இணைப்பை அதன் பக்கம் திருப்பிவிட்டால் போதும். ராகுகாலம் பார்த்து அப்டேட் போடுகிறவர்கள் இதைக் கவனிக்கலாம்.

வாசகிக்கு: உபுண்டுவை அழிக்க வேண்டாம், அதன் மேலேயே நிக்ஸை நிறுவலாம். 3.10 உள்ள நிக்ஸ் பேக்கேஜ் தொகுப்பின் பதிப்பைக் குறிப்பிட்டுக் கொடுத்தால் அது தன் ஃபோல்டரில் வந்து இறங்கும், 3.12ஐத் தொடாது. முதல் தடவை நிறைய இறங்கும், போன் டேட்டாவில் தொடங்காதீர்கள்.