தைப் பட்டத்துக்கு முன் ஓர் ஊர் போட வேண்டிய நீர்க் கணக்கு

கொங்கு வட்டாரத்தின் வறண்ட ஊர் ஒன்றில் நடந்த நிலத்தடி நீர்க் கூட்டத்துக்கு, சில ஆண்டுகளுக்கு முன், கணினியில் பல வாரம் உழைத்துத் தயாரித்த வண்ண வரைபடங்களோடு போயிருந்தேன். அந்த ஊர் அமைந்திருந்த பகுதி வரைபடத்தில் பச்சையாக இருந்தது. பச்சை என்றால் இன்னும் தண்ணீர் எடுக்க இடமுண்டு என்று பொருள். சுவரில் படம் விழுந்தபோது யாரும் எதுவும் பேசவில்லை. சற்று நேரம் கழித்து, பின்வரிசையில் இருந்த பெரியவர் ஒருவர் எழுந்து, "எந்தக் கிணத்துல அளந்தீங்க?" என்று கேட்டார். ஏரிக்கரையை ஒட்டிய, இறைப்பு நின்று பல காலமான பழைய திறந்த கிணறு ஒன்றைச் சொன்னேன். "அதுல நிக்கிறது ஏரித் தண்ணிங்க. எங்க மேக்கால காட்டுல ஒரு போரை வந்து பாருங்க" என்று சொல்லிவிட்டு அவர் உட்கார்ந்துவிட்டார்.

வேளாண் நீர் மேலாண்மையில் இத்தனை ஆண்டுகள் பணியாற்றியதில் நான் கற்ற பாடங்களில் இதையே முதலாவதாக வைக்கிறேன். என் கணக்கில் கூட்டல் கழித்தல் பிழை எதுவும் இல்லை. ஆனால் அந்தக் கணக்குக்குள் நுழைந்த எண்ணை ஊரார் பார்த்திருக்கவில்லை. பார்த்திருந்தால் ஒரே நாளில் திருத்தியிருப்பார்கள். நீர்க் கொள்கைக்கு உதவும் கருவிகளைப் பற்றிப் பேசும்போதெல்லாம் மென்பொருளையும் செயற்கைக்கோளையும் பேசுகிறோம். கருவிக்குள் போகும் செய்தி யாருடையது, அதை யார் சரிபார்த்தார், முடிவால் பாதிக்கப்படுபவர் அதை நம்புகிறாரா என்ற கேள்விகள் பின்னுக்குத் தள்ளப்படுகின்றன.

தமிழ்நாட்டில் நிலத்தடி நீரின் நிலை பல ஆண்டுகளாகக் குறுவட்டம் வாரியாக, அதாவது சில ஊர்கள் சேர்ந்த வருவாய்ப் பிரிவு (பிர்க்கா) வாரியாக, மதிப்பிடப்பட்டு வந்தது. மாநிலத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட குறுவட்டங்கள் உள்ளன. ஓராண்டில் சேரும் நீரில் எடுக்கத்தக்க அளவு எவ்வளவோ, அதில் 70 விழுக்காடு வரை எடுத்தால் அந்தக் குறுவட்டம் பாதுகாப்பானது. 90 வரை ஓரளவு நெருக்கடி. 100 வரை நெருக்கடி. அதைத் தாண்டினால் மிகை நுகர்வு. அப்படி நடந்த அண்மை மதிப்பீடுகளில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறுவட்டங்கள் மிகை நுகர்வில் இருந்தன. இந்த வகைப்பாடு தேவையானதுதான்; திட்டங்களை எங்கே தொடங்குவது, எங்கே கட்டுப்பாடு வேண்டும் என்பதற்கு இதை விட்டால் வேறு அடிப்படை இல்லை. ஆனால் ஒரு குறுவட்டத்துக்குள் பல ஊர்கள் இருக்கின்றன. மாநிலப் பரப்பில் ஏறக்குறைய முக்கால் பங்கு கடினப் பாறை. அந்தப் பாறையில் வெடிப்பு ஓடும் திசையைப் பொறுத்து, நூறு மீட்டர் இடைவெளியில் ஒரு போர் (ஆழ்துளைக் கிணறு) ஊற்றெடுக்கும், இன்னொன்று புழுதி கக்கும். குறுவட்டத்தின் சராசரி உண்மையாகவே இருந்தாலும், அதிலிருந்து ஒரு காட்டுக்கான, அதாவது ஒருவருடைய விளைநிலத்துக்கான, முடிவை எடுக்க முடியாது.

கடினப் பாறை எவ்வளவு குறைவான நீரைப் பிடித்து வைக்கிறது என்பதை ஒவ்வோர் ஊரிலும் முதலில் பேசுவேன், ஏனென்றால் மற்ற எல்லாக் கணக்கும் இதிலிருந்தே தொடங்குகிறது. மணலில் நீர் நிற்பதுபோலப் பாறையில் நிற்பதில்லை. அதன் கன அளவில் 1 முதல் 3 விழுக்காடு அளவுக்கே எடுக்கத்தக்க நீர் இருக்கும். ஒன்றரை விழுக்காடு என்று வைத்துக்கொண்டால், ஓர் ஏக்கருக்கு அடியில் நீர்மட்டம் ஒரு மீட்டர் இறங்கும்போது நமக்குக் கிடைப்பது அதே ஏக்கரில் ஒன்றரை சென்டிமீட்டர் உயரத்துக்கு நிற்கும் தண்ணீர் மட்டுமே. நெல்லுக்கு ஏறத்தாழ 120 செ.மீ. நீர் வேண்டும். மழையையும், வயலில் கட்டிய நீரில் மீண்டும் நிலத்துக்குள் இறங்கும் பகுதியையும் கணக்கில் எடுக்காமல் பார்த்தால், ஓர் ஏக்கர் நெல்லுக்காக அதன் அடியிலுள்ள பாறையை 80 மீட்டர் ஆழத்துக்கு வற்றவைக்க வேண்டியிருக்கும். நடைமுறையில் அப்படி நடப்பதில்லை. அக்கம்பக்கத்துக் காடுகளின் அடியிலிருந்தும் நீர் வெடிப்புகள் வழியாக இழுபட்டு வந்து சேருகிறது. ஆகவே ஒருவருடைய போரின் ஆழம் இன்னொருவருடைய கிணற்றின் வறட்சியாக மாறுகிறது. இதை விளக்கியபின் கூட்டத்தில் ஏற்படும் அமைதியைப் பல ஊர்களில் கண்டிருக்கிறேன்.

அடுத்த தடை, தகவலைப் பகிர்வதில் உள்ள தயக்கம். ஒருவருடைய போரில் எத்தனை அடியில் தண்ணீர் நிற்கிறது என்பது அவருடைய குடும்ப விவகாரம். நீர் குறைந்தது வெளியே தெரிந்தால் நிலத்தின் விலை இறங்கும், கடன் கொடுப்பவர் யோசிப்பார், பெண்ணுக்குப் பேசிவைத்த சம்பந்தம்கூடத் தள்ளிப்போகலாம். நீர் அதிகம் என்று தெரிந்தால், பக்கத்துக் காட்டுக்காரர் வேலியோரம் புது போர் போடுவார் என்ற அச்சம் இருக்கிறது. தகவலைப் பகிருங்கள் என்று வெளியிலிருந்து வந்து எளிதாகச் சொல்லிவிடுகிறோம்; பகிர்பவருக்கு அதனால் நேரும் இழப்பைக் கணக்கில் எடுப்பதில்லை. ஆகவே, நாங்கள் பணிசெய்த ஊர்களில், உரிமையாளரின் பெயரை எழுதாமல் கிணறுகளுக்கு எண் மட்டும் கொடுத்து, கிழக்கால், மேற்கால், ஏரிக்குக் கீழ் என்று பகுதி வாரியாகச் சராசரியை மட்டும் ரேஷன் கடைச் சுவரில் எழுதத் தொடங்கினோம். சில பட்டங்கள் (விதைப்புப் பருவங்கள்) கடந்தபின், பெயரைப் போட்டாலும் பரவாயில்லை என்று சிலர் தாங்களாகவே சொன்னார்கள். அந்த நம்பிக்கையை எந்த மென்பொருளும் கொண்டுவந்திருக்காது.

அளப்பதற்கு வேண்டியவை மிகச் சில. எடை கட்டிய அளவு நாடா ஒன்று, மழைமானி ஒன்று, 200 லிட்டர் பேரல் ஒன்று, கைப்பேசியில் இருக்கும் நேரமானி. பேரல் நிரம்ப 40 நொடி ஆனால் அந்த மோட்டார் மணிக்கு 18,000 லிட்டர் இறைக்கிறது. ஓர் ஏக்கரில் ஒரு செ.மீ. உயரத்துக்குத் தண்ணீர் கட்டுவதற்கு ஏறத்தாழ இரண்டேகால் மணி நேரம் ஓட வேண்டும். மழையை இங்குள்ள பெரியவர்கள் ஓர் உழவு மழை, இரண்டு உழவு மழை என்று, மண்ணில் ஈரம் இறங்கிய ஆழத்தை வைத்துச் சொல்வார்கள். மழைமானியின் மில்லிமீட்டரையும் அந்தச் சொல்லையும் அருகருகே ஒரே நோட்டில் எழுதிவந்தபோது, எங்களுக்கு அதுவரை கிடைக்காத ஒரு செய்தி கிடைத்தது: ஒரே அளவு மழை செம்மண் காட்டில் எவ்வளவு இறங்குகிறது, கரிசலில் எவ்வளவு இறங்குகிறது என்பது. அறிவுப் பகிர்வு என்பது அதிகாரி பேச, உழவர் கேட்பது மட்டும் என்றால் இந்தச் செய்தி எங்கும் பதிவாகியிருக்காது. மோட்டார் ஓடும் நேரத்தைத் துல்லியமாகச் சொன்னவர்கள் பெரும்பாலும் பெண்கள். இரவில் மும்முனை மின்சாரம் வரும்போது எழுந்து மடை மாற்றப் போகிறவர்கள் அவர்கள்தான். ஆனால் கூட்டங்களுக்கு அவர்கள் தனியாக அழைக்கப்படும்வரை வரவில்லை.

இந்த எண்களை வைத்து ஊர்க் கணக்கைப் போடலாம். எடுத்துக்காட்டாக, 1,000 ஏக்கர் பரப்புள்ள ஓர் ஊரில் ஆண்டுக்கு 700 மி.மீ. மழை பெய்கிறது என்று கொள்வோம். கடினப் பாறைப் பகுதியில் பெய்யும் மழையில் பத்தில் ஒரு பங்கு நிலத்தடியில் சேர்ந்தாலே நல்ல சேர்க்கை. அப்படியானால் 7 செ.மீ., அதாவது ஊர் முழுவதற்கும் 7,000 ஏக்கர்-செ.மீ. நீர். முழுவதையும் கிணற்றிலிருந்தே கொடுத்தால் 58 ஏக்கர் நெல்லுக்குத்தான் காணும், 50 செ.மீ. கேட்கும் நிலக்கடலை என்றால் 140 ஏக்கர். குடிநீரையும் மாடு கன்றுகளுக்கானதையும் இதிலிருந்து முதலில் ஒதுக்கிவிட வேண்டும். இந்தக் கணக்கைக் கரும்பலகையில் உழவர்களே போட்டு முடிக்கும்போது, தண்ணீர் பற்றாது என்று நாங்கள் சொல்லத் தேவையே இருப்பதில்லை.

இது புதிய முயற்சி அன்று. ஆந்திரத்தில் அனந்தபூர், கடப்பை, கர்நூல், சித்தூர், பிரகாசம், அன்று அதே மாநிலத்தில் இருந்த மகபூப்நகர், நல்கொண்டா ஆகிய ஏழு வறட்சி மாவட்டங்களில், ஐக்கிய நாடுகள் உணவு வேளாண்மை அமைப்பின் ஆதரவோடு, உழவரே நிலத்தடி நீரை நிர்வகிக்கும் திட்டம் ஒன்று 2000-களில் 600-க்கும் மேற்பட்ட குடியிருப்புகளில் நடந்தது. அங்கே உழவர்கள் மழையையும் கிணறுகளையும் தாங்களே அளந்து, பருவத் தொடக்கத்தில் பயிர் நீர்க் கணக்கைப் பொதுவில் போட்டார்கள். எதைப் பயிரிட வேண்டும் என்று யாரும் உத்தரவிடவில்லை, மானியமும் கொடுக்கவில்லை. பல ஊர்களில் அதிக நீர் கேட்கும் பயிர்களின் பரப்பு குறைந்தது. அத்திட்டத்தில் நான் மிகவும் மதிப்பது இந்தக் கட்டாயமின்மையைத்தான். 2019 டிசம்பரில் நடுவண் அரசு தொடங்கிய அடல் நிலத்தடி நீர்த் திட்டமும் ஊராட்சி அளவிலான நீர்க் கணக்கையே அடிப்படையாகக் கொண்டது. அதற்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட ஏழு மாநிலங்களில் தமிழ்நாடு இல்லை.

கட்டாயத்தால் எதுவும் நடக்காது என்று நான் சொல்லவில்லை. நடக்கும், அதோடு நாம் எண்ணாததும் நடக்கும். பஞ்சாபில் 2009-இல் வந்த சட்டம், கோடை வெயிலில் ஆவியாகும் நீரைக் காக்க, ஜூன் 10-க்கு முன் நெல் நடவைத் தடை செய்தது. நோக்கம் நல்லது. ஆனால் நடவு தள்ளிப்போனதால் அறுவடையும் தள்ளிப்போயிற்று. நெல் அறுப்புக்கும் கோதுமை விதைப்புக்கும் நடுவே இருந்த நாட்கள் சுருங்கின. வைக்கோல் தாளை அகற்ற நேரமில்லாத உழவர் அதற்குத் தீ வைத்தார். காற்று அசையாத நவம்பர் நாட்களில் அந்தப் புகை தில்லிவரை தேங்கியது. நிலத்தடி நீரை மட்டும் காட்டிய கணக்கில் இந்தப் புகை இல்லை. முடிவெடுக்க உதவும் கருவி என்பது ஒரே விடையைச் சொல்வதாக இல்லாமல், இந்த வழியில் போனால் யாருக்கு என்ன நட்டம், எந்த மாதத்தில் யாருக்கு வேலை போகும், மாட்டுக்குத் தீவனம் எங்கிருந்து வரும் என்பதையெல்லாம் அடுத்தடுத்து வைத்துக் காட்ட வேண்டும். எங்கள் ஊர்க் கூட்டம் ஒன்றில் நெல்லுக்குப் பதில் நிலக்கடலை என்ற யோசனை ஏறக்குறைய முடிவாகியிருந்தபோது, வைக்கோல் இல்லாவிட்டால் கறவை மாடுகளுக்கு என்ன போடுவது என்று ஓர் அம்மா கேட்டார். எங்கள் அட்டவணையில் தீவனத்துக்கு ஒரு கட்டமே இல்லை. அன்று சேர்த்தோம், கணக்கு மாறியது, சிலர் அரை ஏக்கர் நெல்லை வைத்துக்கொண்டு மீதியை மாற்றினார்கள். அந்த அரை ஏக்கருக்கு, வயலில் 15 செ.மீ. ஆழத்துக்குத் துளையிட்ட குழாயைப் பதித்து, அதற்குள் நீர்மட்டம் அடிவரை இறங்கியபின் பாய்ச்சும் முறையைக் காட்டினோம். பூக்கும் தருணத்தில் மட்டும் வயலைக் காயவிடக் கூடாது.

மாநில அளவிலான கொள்கைக்கு வருவோம். சொட்டு நீர்ப் பாசனத்துக்குத் தமிழ்நாட்டில் சிறு, குறு உழவர்களுக்கு முழு மானியமும் மற்றவர்களுக்கு 75 விழுக்காடும் கிடைக்கிறது. வேலையாட்கள் கிடைக்காத காலத்தில் இது பெரும் உதவி, விளைச்சலும் கூடுகிறது. ஆனால் மிச்சமான தண்ணீர் பாறையில் தங்கியதா, இன்னும் இரண்டு ஏக்கருக்குப் போனதா என்று யாரும் அளப்பதில்லை. நீர் ஒதுக்கீட்டில் கட்டுப்பாடு இல்லாமல் கருவியை மட்டும் மாற்றினால் மொத்த நுகர்வு குறைவதில்லை, சில இடங்களில் கூடவும் செய்கிறது என்பதை உணவு வேளாண்மை அமைப்பு 2017-இல் பல நாடுகளின் அனுபவங்களைத் தொகுத்துக் காட்டியது. மானியம் பெறும் ஊரில் நீர்க் கணக்கும் இருக்க வேண்டும் என்று நான் வலியுறுத்துவது இதனால்தான்.

இன்னொன்று மின்சாரம். 20 லட்சத்துக்கும் மேற்பட்ட இலவச வேளாண் இணைப்புகளில் பெரும்பாலானவற்றுக்கு மின் அளவி (மீட்டர்) இல்லை. ஆகவே, மாநிலம் முழுவதும் எவ்வளவு நீர் இறைக்கப்படுகிறது என்பது, கிணறுகளின் எண்ணிக்கையை ஒரு கிணற்றுக்கான உத்தேச அளவால் பெருக்கி வரும் மதிப்பீடே. அளவி என்றவுடன் கட்டணம் வரும் என்று உழவர்கள் அஞ்சுகிறார்கள். 1970-களில் மின் கட்டண உயர்வை எதிர்த்துப் போராடிய உழவர்கள் துப்பாக்கிச் சூட்டில் உயிரிழந்த மண் இது; அந்த அச்சத்தை அறியாமை என்று ஒதுக்குவது தவறு. தனித்தனி இணைப்பில் வைக்காமல் மின்மாற்றி அளவில் மட்டும் அளவி வைத்து, அந்த எண்ணை முதலில் ஊராருக்கே கொடுக்கலாம். ஒரு மின்மாற்றியின் கீழ் உள்ள கிணறுகள் சேர்ந்து இறைத்த நீரைத் தோராயமாகக் கணக்கிட அது போதும். யாருக்கும் ரசீது வராது.

நம் ஊராட்சிகளில் உலகத் தண்ணீர் நாளான மார்ச் 22 அன்றும் கிராம சபை கூடுகிறது. தண்ணீரைப் பேசப் பொருத்தமான நாளாகத் தோன்றினாலும், பயிர்க் கணக்குக்கு அது மிகவும் பிந்திய நாள்; அதற்குள் தைப் பட்ட விதைப்பு முடிந்து, கோடைப் பயிருக்கான முடிவும் எடுக்கப்பட்டிருக்கும். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து, அந்த ஆண்டு நிலத்தடியில் சேர வேண்டியது சேர்ந்து, விதை இன்னும் மூட்டையில் இருக்கும் நேரத்தில் வருவது ஜனவரி 26 கிராம சபை. பொங்கல் முடிந்ததும் ஊரில் இருபது கிணறுகளை அளந்துவிட்டு, அந்த எண்களோடும் அக்டோபர் முதல் எழுதிவைத்த மழை நோட்டோடும் அந்தச் சபைக்குச் செல்லுங்கள். கணக்கைப் பலகையில் போடும் வேலையை வேளாண் அலுவலரிடம் விடாமல் ஊர்ப் பிள்ளைகளில் ஒருவரிடம் கொடுங்கள். அந்த ஆண்டு எத்தனை ஏக்கருக்குத் தண்ணீர் இருக்கிறது என்பதைத் தீர்மானமாக எழுதி, அதன் படியை ஊராட்சி ஒன்றியத்துக்கும் வேளாண் துறைக்கும் நிலத்தடி நீரை மதிப்பிடும் துறைக்கும் அனுப்புங்கள்.