ஸ்டோரிபோர்டு: தமிழில் கதைப்பலகை

ஒரு கதையை, அல்லது ஒருவர் ஒரு பொருளைப் பயன்படுத்தும் விதத்தை, நடக்கும் வரிசையில் கட்டம் கட்டமாக வரைந்து வைப்பதுதான் ஸ்டோரிபோர்டு. சினிமாக்காரர்களும் விளம்பரக்காரர்களும் படப்பிடிப்புக்கு முன்னால் போடுவார்கள். செயலி வடிவமைப்பவர்களும் போடுகிறார்கள். ஓவியத் திறமை கட்டாயமில்லை, குச்சி மனிதர்களே போதும்.

இந்தச் சொல்லில் 'ஸ்டோரி' என்ற பாதிக்கு விளக்கம் தேவையில்லை. விஷயம் 'போர்டு' என்ற பாதியில்தான் இருக்கிறது. 1930களின் தொடக்கத்தில் வால்ட் டிஸ்னியின் ஸ்டூடியோவில் கதைப் பிரிவில் இருந்த வெப் ஸ்மித், ஒவ்வொரு காட்சியையும் தனித்தனித் தாளில் வரைந்து, எல்லாவற்றையும் பலகையில் வரிசையாகக் குத்தி வைத்தார் என்று சொல்வார்கள். கதைக்கு முன்கூட்டியே படம் வரையும் வழக்கம் அதற்கு முன்பே உண்டு. ஆனால் தாள் தனியாக இருந்தால், பிடிக்காத காட்சியைப் பிடுங்கி எறியலாம், ஐந்தாவதை இரண்டாவது இடத்துக்கு மாற்றலாம். அறையில் இருக்கும் பத்துப் பேரும் ஒரே நேரத்தில் முழுக்கதையையும் பார்த்துச் சண்டை போடலாம். 1933இல் வந்த 'மூன்று பன்றிக்குட்டிகள்' இந்த முறையில் உருவான ஆரம்பகாலப் படங்களில் ஒன்று.

நம் கோயில் விதானங்களில் இருப்பதும் ஸ்டோரிபோர்டுதானே என்று சிலர் கேட்பார்கள். திருவாரூர் தேவாசிரிய மண்டபத்தின் விதானத்தில் முசுகுந்தன் என்ற புராண அரசனின் கதை பட்டை பட்டையாக ஓடுகிறது, காட்சிகளுக்குத் தமிழில் குறிப்பும் எழுதியிருக்கிறது. அருமையான காட்சிவழிக் கதை, மறுக்கவில்லை. ஆனால் அது முடிந்த படைப்பு. ஸ்டோரிபோர்டு முடிவதற்கு முன்னால் போடுவது, வேலை முடிந்ததும் பெரும்பாலும் குப்பைக்குப் போவது.

இப்படி முன்கூட்டியே வரைந்து வைப்பதற்குத் திரைப்பட இயக்குநர் சத்யஜித் ராய் நல்ல உதாரணம். கல்கத்தாவில் விளம்பர நிறுவனத்தில் வடிவமைப்பாளராக இருந்தவர். 'பதேர் பாஞ்சாலி'க்கு வழக்கமான முழுத் திரைக்கதை எழுதாமல், காட்சிகளை மையால் வரைந்து அதைத்தான் தயாரிப்பாளர்களிடம் காட்டினார். படம் 1955இல் வெளிவந்தது. அவர் வரைந்தது நோட்டில், பலகையில் அல்ல என்பது வேறு விஷயம்!

வடிவமைப்பு வேலையில் இதனால் என்ன பயன்? பேருந்தில் டிக்கெட் எடுக்க ஒரு செயலி செய்வதாக வைத்துக்கொள்வோம். திரையை மட்டும் வரைந்தால் எல்லாம் சரியாகவே தெரியும். கதையாக வரைந்து பாருங்கள். முதல் கட்டத்தில் ஒரு பெண் கூட்டத்தில் ஏறுகிறார். இரண்டாவதில் ஒரு கை மேல் கம்பியைப் பிடித்திருக்கிறது, தோளில் பை. மூன்றாவதில் போனை எடுக்கிறார். பணம் செலுத்தும் பொத்தான் திரையின் மேல் மூலையில் இருக்கிறது, கட்டைவிரல் அங்கே எட்டவில்லை. நான்காவதில் நடத்துநர் அடுத்த ஆளிடம் போய்விட்டார். கம்பியைப் பிடித்த அந்தக் கையை வரைந்திருக்காவிட்டால் இந்தச் சிக்கல் கண்ணில் பட்டிருக்காது. பயணிகளுக்குத் தங்க வீடு பிடித்துத் தரும் ஏர்பிஎன்பி நிறுவனமும் இப்படித்தான் விருந்தினர், வீடு கொடுப்பவர் இருவரின் அனுபவத்தையும் பிக்சார் என்ற அனிமேஷன் ஸ்டூடியோவின் ஓவியர் ஒருவரை வைத்துக் கட்டங்களாக வரைந்தது. அந்தத் திட்டத்துக்கு டிஸ்னி படத்தின் நினைவாக 'ஸ்நோ வைட்' என்றே பெயர்.

சரி, தமிழில் எப்படிச் சொல்வது? 'சித்திரக்கதை' என்றால் காமிக்ஸ் நினைவுக்கு வரும். 'காட்சிப்பலகை' என்றால் ரயில் நிலையத்தில் வண்டி நேரம் காட்டும் பலகை என்று நினைப்பார்கள். 'கதைச்சட்டகம்' என்பது கேட்க நன்றாக இருந்தாலும், சட்டகம் அசையாதது. என் ஓட்டு 'கதைப்பலகை'க்குத்தான். கரும்பலகை, அறிவிப்புப்பலகை, விசைப்பலகை என்று பலகை ஏற்கெனவே நன்றாகப் புழங்கும் சொல். தகுதி உள்ளவருக்கு மட்டும் இடம் தந்ததாகச் சொல்லப்படும் சங்கப்பலகையும் இருக்கிறதே. தேறாத காட்சியைத் தள்ளிவிடுகிற வேலைக்கு அந்த வாசனை பொருத்தமாகவே இருக்கிறது.

அதில் உள்ள ஒவ்வொரு படத்தையும் 'கட்டம்' என்றே சொல்லலாம். 'ஃப்ரேம்' என்பதற்குச் 'சட்டகம்' என்று எழுதுவது இங்கே வேண்டாத கனம். வினையாக வரும்போது 'கதைப்பலகை போடுவது' என்பது இயல்பாக இருக்கிறது: 'திரை வடிவமைப்புக்குப் போகும் முன் எட்டுக் கட்டத்தில் ஒரு கதைப்பலகை போட்டுவிடுங்கள்.' படப்பிடிப்புத் தளத்தில் 'ஸ்டோரிபோர்டு' என்றேதான் சொல்வார்கள், அதில் தவறில்லை. கட்டுரையிலும் பாடத்திலும் எழுதும்போது கதைப்பலகை என்று எழுதி, முதல் முறை மட்டும் பக்கத்தில் ஸ்டோரிபோர்டு என்று குறித்துவிட்டால் போதும்.