முதல் வேட்டை ரைபிள் வாங்கும் முன் ஆக்‌ஷனைப் பாருங்கள்

ஒக்டோபர் பிறந்ததும் என் பட்டறைக்கு வேட்டை ரைபிள்கள் வரத் தொடங்கிவிடும். ஒன்ராறியோவின் பெரும்பகுதியில் துப்பாக்கி கொண்டு மான் வேட்டையாடும் பருவம் நவம்பரில் வருகிறது. அதற்கு முன் சூட்டுத்திடலில் சுட்டுப் பார்த்தவர்கள், இலக்குத் தாளில் குண்டுகள் சிதறி விழுந்ததைக் கண்டு கவலையோடு வருகிறார்கள். "குழல் சரியில்லை, நல்லதாக ஒன்று மாற்றித் தாருங்கள்" என்பதே பலருடைய வேண்டுகோள். நான் முதலில் திருகுகளைத்தான் சோதிப்பேன். ஸ்கோப்பைத் தாங்கும் அடித்தட்டின் முன் திருகு தளர்ந்திருக்கும். அல்லது ஆக்‌ஷனை, அதாவது தோட்டாவை உள்ளே தள்ளிப் பூட்டும் போல்ட்டும் அது ஓடும் உறையும் சேர்ந்த நடு உறுப்பை, தோளில் பதியும் கட்டையோடு பிணைக்கும் திருகுகளில் ஒன்று இறுக்கமாகவும் மற்றது விரலால் திருப்பும் அளவுக்கு இளகியும் இருக்கும். குழல் பெரும்பாலும் நன்றாகவே இருக்கும்.

இதை எழுத வேண்டிய தேவை இங்கேதான் எழுகிறது. கனடாவில் வேட்டைக்குப் போகத் தொடங்கும் நம்மவர்கள், முதல் ரைபிளில் எதற்குப் பணம் கொடுக்க வேண்டும், எதைப் பின்னால் விட்டுவைக்கலாம் என்று தெரியாமல் செலவு செய்கிறார்கள். தமிழ்நாட்டிலிருந்து வாசிப்பவர்கள் ஒன்றை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்: இந்தியாவில் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையைத் தடை செய்கிறது. இங்கே நான் சொல்வது கனடாவில் பாதுகாப்புப் பயிற்சி முடித்து, துப்பாக்கி உரிமமும் வேட்டை உரிமமும் பெற்றவர்களுக்கு மட்டும். தென் ஒன்ராறியோவின் சில பகுதிகளில் மான் வேட்டைக்கு ரைபிளே அனுமதி இல்லை. ஷாட்கன்னும் முன்வாய் வழி மருந்திடும் துப்பாக்கியும் மட்டுமே செல்லும். நீங்கள் போகவிருக்கும் பகுதியின் விதியை வாசித்துவிட்டுக் கடைக்குப் போங்கள்.

துல்லியம் என்ற பெயரில் பலர் தேவைக்கு மேல் செலவழிக்கிறார்கள். குண்டுகளின் சிதறலை எம்ஓஏ என்ற கோண அளவால் சொல்வார்கள். ஒரு எம்ஓஏ என்பது நூறு மீற்றர் தூரத்தில் ஏறக்குறைய 2.9 சென்ரிமீற்றர் அகலம். ஒன்றரை எம்ஓஏ அளவில் சுடும் சாதாரண ரைபிள்கூட இருநூறு மீற்றரில் எல்லாக் குண்டுகளையும் 9 சென்ரிமீற்றருக்குள் சேர்த்துவிடும். வெள்ளைவால் மானின் இதயமும் நுரையீரலும் இருக்கும் பகுதி 20 சென்ரிமீற்றருக்குக் குறையாது. ஒன்ராறியோவின் அடர்காட்டில் இருநூறு மீற்றர் என்பதே நீண்ட தூரம். ஆகவே இன்றைய மலிவான போல்ட் ரைபிள்களில் பெரும்பாலானவை தொழிற்சாலையிலிருந்து வரும்போதே வேட்டைக்குப் போதுமான துல்லியத்தோடு வருகின்றன. மீதியைத் தீர்மானிப்பது சுடுபவரின் தோளும் மூச்சும் விரலும்.

மூன்று குண்டு சுட்டு, ஓட்டைகள் ஒட்டி விழுந்த தாளைப் படம் பிடித்துக் காட்டுபவர்களை அப்படியே நம்பிவிடாதீர்கள். ஒரே ரைபிளில், ஒரே தோட்டாவில், மூன்று குண்டுக் குழுவின் அகலம் சராசரியாக ஒரு அங்குலம் என்றால் பத்துக் குண்டுக் குழு ஏறக்குறைய 1.6 அங்குலமாக விரியும். துப்பாக்கி கெட்டுப்போனதால் நேர்வதில்லை இது. எண்ணிக்கை கூடும்போது சிதறலின் உண்மை அளவு வெளிப்படுகிறது, அவ்வளவுதான். தயாரிப்பாளர்கள் தரும் உத்தரவாதம் பலவும் மூன்று குண்டுக் குழுவுக்கானது என்பதையும் கவனியுங்கள். உங்கள் ரைபிளைச் சோதிக்கும்போது குழலை ஆறவிட்டு ஆறவிட்டுப் பத்துக் குண்டு சுடுங்கள். வேட்டை ரைபிளின் மெல்லிய குழல் சூடேறினால் குண்டு விழும் இடம் நகரக்கூடும். அதைக் குறையாகக் கொள்ள வேண்டாம். காட்டில் நீங்கள் சுடப்போவது குளிர்ந்த குழலிலிருந்து வரும் முதல் குண்டைத்தான்.

இனி ஆக்‌ஷனுக்கு வருகிறேன். போல்ட்டும் அது ஓடும் உறையும் சேர்ந்த அந்த நடு உறுப்பு ரைபிளின் முதுகெலும்பு. கட்டை, விசை, மேகசின், ஸ்கோப், குழல் ஆகிய எல்லாவற்றையும் மாற்றலாம். ஆக்‌ஷனை மாற்றினால் அது வேறு துப்பாக்கி. சட்டத்தின் கண்ணிலும் அப்படியே. பின்னால் மேம்படுத்த எண்ணுபவர் கேட்க வேண்டியது, இந்த ஆக்‌ஷனுக்கு எத்தனை நிறுவனங்கள் உதிரிப்பாகம் செய்கின்றன என்பதைத்தான். விளம்பரத்தில் 'மேம்படுத்தத்தக்கது' என்று எழுதியிருப்பதில் பயன் இல்லை.

இந்தக் கணக்கில் 1962-இல் வந்த ரெமிங்டன் 700-க்கு ஈடு கிடையாது. கட்டை செய்பவர்களும் விசை செய்பவர்களும் அதன் அளவையே பொது அளவாக எடுத்துக்கொண்டார்கள். ஸ்பெயினில் தயாராகும் பெர்காரா பி-14 அதே அளவைப் பின்பற்றுவதால் 700-க்கான கட்டைகளும் விசைகளும் அதற்கும் பொருந்துகின்றன. புதிதாக வாங்குபவர் இந்தக் குடும்பத்தில் நுழைய விரும்பினால் நான் பெர்காராவைத்தான் முதலில் கையில் கொடுப்பேன்.

சாவேஜ் 110 அதைவிடப் பழையது, 1958-இல் வந்தது. அதன் குழலை ஒரு வளைய நட்டு ஆக்‌ஷனோடு பூட்டுகிறது. போல்ட்டின் தலையும் தனியாகக் கழலும். குழலை மாற்றுவதற்கு இவ்வளவு இசைவான மலிவு ரைபிள் வேறு அரிது. ஆனால் ஒரு எச்சரிக்கை: அதே நிறுவனத்தின் இன்னும் மலிவான ஆக்சிஸ் மாடலும் 110-உம் ஒன்றல்ல. 110-க்கான கட்டை ஆக்சிஸில் உட்காராது. நூறு, இருநூறு டொலர் மிச்சம் என்று ஆக்சிஸை வாங்கி, பிறகு 110-க்கான கட்டையோடு வந்து நிற்பவர்களைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கும்.

ருகர் அமெரிக்கனின் குழலையும் வளைய நட்டுத்தான் பூட்டுகிறது. கட்டைக்குள் ஆக்‌ஷனைத் தாங்கும் வி-வடிவ உலோகப் பாளங்களும், பயனரே சரிசெய்துகொள்ளும் விசையும் அந்த விலைக்கு மிக நல்ல பொருள்கள். அதன் பிளாஸ்டிக் கட்டை கையில் இலேசாக வளையும். வேட்டைக்கு அது பெரிய இடைஞ்சல் இல்லை. பின்லாந்தின் ரீகிமாக்கியில் சாக்கோ ஆலை செய்யும் டிக்கா டி3எக்ஸ் விலையில் ஒரு படி மேலே. போல்ட் வழுக்கிக்கொண்டு ஓடும். தொழிற்சாலை விசையே போதும். குழலைக் குறை சொல்ல நான் இதுவரை காரணம் காணவில்லை. குழல் மிக இறுக்கமாகத் திருகப்பட்டிருப்பதால் அதை வீட்டில் கழற்ற முயலக் கூடாது. ஆனால் டிக்கா வாங்கியவர்களில் குழல் மாற்ற வருபவர்கள் குறைவு. பணம் கொஞ்சம் நீளுமானால் என் தேர்வு இதுதான்.

எந்தத் தோட்டா என்ற கேள்வியும் எதிர்கால மாற்றத்தோடு பின்னியது. .308 வின்செஸ்டர், .243 வின்செஸ்டர், 7எம்எம்-08, 6.5 கிரீட்மோர் ஆகிய நான்கின் அடிப்பகுதி விட்டமும் ஏறக்குறைய 12 மில்லிமீற்றர். நான்கும் குட்டை ஆக்‌ஷனில் அடங்கும். ஆகவே .308-இல் தொடங்கியவர் பின்னால் 6.5 கிரீட்மோருக்கு மாற விரும்பினால் குழலை மாற்றினால் போதும். போல்ட்டுக்கு வேலை இல்லை. .270 வின்செஸ்டருக்கும் .30-06-க்கும் அதே விட்டம்தான், ஆனால் நீளமான ஆக்‌ஷன் வேண்டும். மேக்னம் எனப்படும் வலுக்கூடிய தோட்டாக்களுக்குப் போல்ட்டின் முகமே பெரிதாக வேண்டும். முதல் ரைபிளுக்கு .308-ஐப் பரிந்துரைக்கிறேன். 1952 முதல் புழக்கத்தில் இருப்பது. மானுக்கும் கரடிக்கும் மூஸ் என்ற பெரிய மானினத்துக்கும் போதும். வடக்கே சிறு ஊர்க் கடையிலும் தோட்டா கிடைக்கும். உடல் சிறுத்தவர்களும் பின்னுதைப்புக்கு அஞ்சுபவர்களும் 7எம்எம்-08 அல்லது 6.5 கிரீட்மோரை எடுக்கலாம். உதைக்கு அஞ்சிக் கண்ணை மூடிக்கொண்டு விசையை இழுப்பவரை எந்தக் குழலும் காப்பாற்றாது.

கட்டையின் நீளத்தைக் கடையிலேயே பார்த்துக்கொள்ளுங்கள், அதுவும் தடித்த குளிர்கால அங்கியை அணிந்துகொண்டு. கோடைச் சட்டையில் சரியாக இருந்த கட்டை நவம்பரில் நீளமாகிவிடும். கண் ஸ்கோப்பிலிருந்து விலகிப்போகும். இதைத் தவறவிடுபவர்கள் பெரும்பாலும் உயரம் குறைந்த ஆண்களும் பெண்களும். அவர்களுக்காகவே நீளம் மாற்றத்தக்க கட்டையோடு வரும் மாடல்கள் இருக்கின்றன.

கையிலுள்ள பணம் முழுவதையும் ரைபிளில் போட்டுவிட்டு, மிச்சத்தில் கிடைத்த ஸ்கோப்பை மாட்டுவதுதான் நான் காணும் பெரிய தவறு. ஒவ்வொரு சூட்டின் அதிர்ச்சிக்கும் ஸ்கோப்பின் உள்ளே குறிக்கம்பி சிறிது நகர்ந்தால் ரைபிள் எவ்வளவு நல்லதாக இருந்தும் பயன் இல்லை. ஆயிரத்தைந்நூறு டொலர் இருந்தால் ரைபிளுக்கு எழுநூறு, எண்ணூறோடு நிறுத்துங்கள். மீதியில் உறுதியான வளையங்கள், நம்பகமான ஸ்கோப், பல பெட்டித் தோட்டா ஆகியவற்றுக்கு இடம் வேண்டும். முறுக்கு அளவு காட்டும் சிறு திருப்புளியும் அந்தப் பட்டியலில் இருக்கட்டும். ஸ்கோப் வளையத் திருகுகளுக்குப் பொதுவாக இரண்டு நியூட்டன்-மீற்றர் அளவே போதும். பலம் உள்ளவரை இறுக்கினால் ஸ்கோப்பின் குழாய் நசுங்கும். கட்டைத் திருகுகளுக்குத் தயாரிப்பாளர் சொல்லும் அளவைக் கையேட்டில் பாருங்கள்.

முதல் பருவம் முழுவதும் வேறெதையும் மாற்றாதீர்கள். இரண்டு, மூன்று வகைத் தோட்டாக்களைச் சுட்டுப் பார்த்து உங்கள் குழலுக்கு எது பிடிக்கிறது என்று கண்டறியுங்கள். செலவு குறைந்த மேம்பாடு அதுதான், பலன் அதிகமானதும் அதுதான். குழலுக்கும் கட்டைக்கும் இடையே ஒரு தாளை நுழைத்து ஆக்‌ஷன் வரை இழுத்துப் பாருங்கள். எங்கேனும் தட்டினால் அந்த இடத்தைத் தேய்த்து விடுவிக்கலாம். அடுத்த ஆண்டு தேவைப்பட்டால் விசை, அதன் பிறகு கட்டை, எல்லாவற்றுக்கும் கடைசியில் குழல். ஆண்டுக்கு நூறு தோட்டா சுடும் வேட்டைக்காரரின் .308 குழல் அவர் வாழ்நாளில் தேய்ந்து முடியாது. குழல் நுனியில் மரை வெட்டியிருப்பதற்காகக் கூடுதல் விலை கொடுக்காதீர்கள். கனடாவில் ஒலியடக்கி தடை செய்யப்பட்ட பொருள். அந்த மரையில் உதைப்பைக் குறைக்கும் கருவியை மாட்டலாம், ஆனால் அது பக்கத்தில் நிற்பவரின் காதைக் கெடுக்கும் அளவுக்குச் சத்தத்தைக் கூட்டும்.

இரண்டு வேலைகளை வீட்டில் செய்ய வேண்டாம் என்று கெஞ்சிக் கேட்கிறேன். ஒன்று, விசையின் உள்ளுறுப்பை அரத்தால் தேய்ப்பது. கையுறை போட்ட விரலுக்கு ஒன்றரைக் கிலோ அளவு இழுப்பு இருப்பதே பாதுகாப்பு. அதற்குக் கீழே இறக்கித் தரும்படி கேட்பவர்களுக்கு நான் செய்துகொடுப்பதில்லை. மற்றொன்று, அளவுகோல் இல்லாமல் குழல் மாற்றுவது. தோட்டா அறையின் ஆழத்தை 'கோ', 'நோ-கோ' என்ற இரண்டு உலோக அளவுகோல்களால் சோதிக்க வேண்டும். முதலாவதன்மேல் போல்ட் மூட வேண்டும், இரண்டாவதன்மேல் மூடக் கூடாது. வளைய நட்டு உள்ள ரைபிளில் குழல் மாற்றுவது எளிது என்பதாலேயே இந்தச் சோதனையை விட்டுவிடுபவர்கள் இருக்கிறார்கள். ஆழம் கூடிப்போனால் தோட்டாவின் பித்தளை உறை கிழிந்து, சூடான வாயு முகத்தை நோக்கிப் பாயும்.

பழைய ரைபிள் வாங்குவது மலிவான வழி, நானும் ஆதரிக்கிறேன். ஆனால் ரெமிங்டன் 700 அல்லது மாடல் செவன் என்றால் வரிசை எண்ணைப் பாருங்கள். 2006 மே 1 முதல் 2014 ஏப்ரல் 9 வரை செய்யப்பட்ட, எக்ஸ்-மார்க் ப்ரோ விசை கொண்டவற்றை நிறுவனமே 2014 ஏப்ரலில் திரும்ப அழைத்தது. விசையைப் பொருத்தும்போது அளவுக்கு மீறிப் பசை சேர்ந்ததால், தொடாமலே வெடிக்கும் வாய்ப்பு இருந்தது. பழுது நீக்கியதற்கான சான்று இல்லாவிட்டால் விசையை மாற்றும் செலவையும் விலையில் சேர்த்துக்கொள்ளுங்கள். எந்தப் பழைய ரைபிளானாலும், தோட்டா இல்லை என்று இருமுறை உறுதிசெய்த பின் போல்ட்டை வேகமாக மூடிப் பாருங்கள். பாதுகாப்புப் பூட்டைப் போட்டு, விசையை இழுத்து விட்டு, பூட்டை எடுத்துப் பாருங்கள். இவற்றில் எதிலேனும் தோட்டாவை வெடிக்கவைக்கும் ஊசி தானாக விழுந்தால், விற்பவர் எவ்வளவு விலை குறைத்தாலும் அந்த ரைபிளை வாங்காதீர்கள்.