நடைப்பிணப் படைக்குக் கால் எழும்புமா?

மாயாஜாலக் கதைகளில் ஒரு படை தவறாமல் வரும். அந்த அரக்கர்களுக்கு உடல் உண்டு, ஆன்மா கிடையாது. மந்திரவாதி கை காட்டினால் மனித குலத்தையே அழிக்கப் புறப்பட்டுவிடுவார்கள். பெங்களூர் அல்சூரில் எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்புப் பிள்ளைகள் கோடை விடுமுறை முழுக்க இவர்களோடுதான் போர் புரிகிறார்கள். ஆன்மாவைப் பறிக்கும் மந்திரவாதி நிஜத்திலும் உண்டு, இதே ஊரில். நீளம் சுமார் 2 சென்டிமீட்டர். ஆனால் அவளிடம் சிக்கிய உயிர் எவர் மீதும் படையெடுக்காது.

அவள் மரகதக் குளவி. அறிவியல் பெயர் ஆம்புலெக்ஸ் கம்பிரெஸ்ஸா. உடலெங்கும் மினுமினுக்கும் நீலப்பச்சை, நடுக்கால்களிலும் பின்கால்களிலும் தொடை மட்டும் சிவப்பு. சமையலறைக்குப் பின்னால் வாஷிங் மெஷின் நிற்கும் யுட்டிலிட்டியில் இந்தக் குளவி மூலை முடுக்கெல்லாம் துழாவிக்கொண்டிருந்தால், தேடுவது கரப்பான்பூச்சியை. நம்மை அது சட்டை செய்வதில்லை.

முதல் கொட்டு கரப்பானின் மார்பில். முன்கால்களை இயக்கும் நரம்புமுடிச்சில் நஞ்சு இறங்க, இரண்டு மூன்று நிமிடங்களுக்கு அந்தக் கால்கள் செயலிழக்கும். அந்த நஞ்சில் இருக்கும் காபா என்ற பொருள் நரம்புச் செய்திகளை அடக்கிவிடும். இது வெறும் முன்னேற்பாடு. கரப்பான் உதற முடியாமல் கிடக்கும் அந்த அவகாசத்தில், கழுத்தின் மென்மையான தோல் வழியாக இரண்டாவது கொட்டு நேராகத் தலைக்குள் போகும். குளவி கொடுக்கின் நுனியில் தொடு உணர்வு உறுப்புகள் உண்டு. மூளையின் சதையைத் தடவிப் பார்த்துத்தான் நஞ்சைச் செலுத்துகிறது. மூளை அகற்றப்பட்ட கரப்பானைக் கொடுத்தால், கொடுக்கை உள்ளே விட்டு நெடுநேரம் தேடுகிறது! இஸ்ரேலின் பென்குரியன் பல்கலைக்கழகத்தில் ஃபிரெடரிக் லிபர்சாட்டின் குழு, குளவியின் நஞ்சில் கதிரியக்க அடையாளம் ஏற்றி, அது கரப்பானின் மூளைக்குள்ளேயே சேர்வதை 2003இல் உறுதிசெய்தது.

அதன் பிறகு நடப்பது விசித்திரம். கரப்பான் ஓடாது, உட்கார்ந்து அரை மணி நேரம் தன் மீசையையும் கால்களையும் சுத்தம் செய்துகொண்டிருக்கும். நஞ்சிலுள்ள டோபமைன் என்ற வேதிப்பொருளின் வேலை அது. குளவி அதற்குள் பொந்து தேடிப் போய்விடும். திரும்பி வந்ததும் கரப்பானின் மீசைகளைப் பாதியில் நறுக்கி, வழியும் திரவத்தைக் கொஞ்சம் குடிக்கும். பிறகு மிச்ச மீசையைக் கவ்விக்கொண்டு பின்னோக்கி நடக்கும். மூக்கணாங்கயிற்றைப் பிடித்தால் பின்னால் வரும் மாடுபோல, தன்னைவிடப் பெரிய கரப்பான் தன் ஆறு கால்களாலேயே தன் சமாதிக்கு நடந்து போகும்.

இந்தக் கரப்பானுக்குக் கைகால் முடக்கம் எதுவும் இல்லை. மல்லாக்கப் போட்டால் புரண்டு எழும். தண்ணீரில் போட்டால் நீந்தும். ஆனால் சீக்கிரமே விட்டுவிடும். தசையும் நரம்பும் அனிச்சைச் செயல்களும் சரியாகவே இருக்கின்றன. கெட்டுப்போனது ஒன்றுதான்: தானாக ஓர் அடி எடுத்து வைக்கும் முனைப்பு. அந்த முனைப்பில் ஆக்டோபமைன் என்ற வேதிப்பொருளுக்குப் பங்கு உண்டு. கொட்டுப்பட்ட கரப்பானுக்கு அதையொத்த மருந்தைச் செலுத்தியபோது ஓரளவு மறுபடியும் நடந்தது என்று அதே குழு 2007இல் காட்டியது. பறிபோனதை ஆன்மா என்று அழைப்பதானால், அதை ஊசியில் ஏற்றித் திருப்பித் தரலாம் போலிருக்கிறது. குளவி முட்டையிடாமல் விட்டாலோ, ஒரு வாரத்தில் கரப்பான் தானாகவே தேறிவிடும்.

கதாசிரியர்களோடு என் வழக்கு இதுதான். ஆன்மாவைப் பிடுங்கிவிட்டு, அதே கையோடு படையெடுப்பு வெறியையும் ஊட்டிவிடுகிறார்கள். வெறியும் ஒரு முனைப்புதானே? குளவியின் முறைப்படி உருவான அரக்கர் படையில் ஒவ்வொருவனையும் மீசையைப் பிடித்து இழுத்து வந்தால்தான் அந்தப் படை கோட்டை வாசலைத் தொடும்.

பொந்துக்குள் குளவி, கரப்பானின் காலில் ஒரேயொரு முட்டையை ஒட்டி, வாசலைச் சிறு கற்களால் அடைத்துவிட்டுப் போய்விடும். ஏறத்தாழ மூன்று நாளில் புழு வெளிவந்து, முதலில் உடல் திரவத்தைக் குடித்து, பிறகு உள்ளே புகுந்து உறுப்புகளைத் தின்னும். சாக்கடையில் புரண்ட கரப்பானின் கிருமிகள் தன்னைத் தாக்காமலிருக்க, புழு தன் வாயிலிருந்து கிருமிநாசினிச் சுரப்பை உள்ளே பூசிக்கொள்வதை ஜெர்மானிய ஆய்வாளர்கள் 2013இல் கண்டறிந்தார்கள். அங்கேயே கூட்டுப்புழுவாகி, சில வாரங்களில் கரப்பானின் வெற்றோட்டைக் கிழித்துக்கொண்டு புதிய குளவி வரும்.

எல்லாக் கரப்பானும் தலை கொடுப்பதில்லை. அமெரிக்காவின் கென்னத் கட்டானியா 2018இல் வெளியிட்ட ஆய்வில், சில கரப்பான்கள் கால்களை ஊன்றி உடலை உயர்த்தி, முள் நிறைந்த பின்காலால் குளவியின் தலையிலேயே உதைத்து விரட்டியிருக்கின்றன.

இந்தக் குளவியை வளர்த்துவிட்டால் கரப்பான் ஒழியுமே என்று நம்மில் பலருக்குத் தோன்றும். 1941இல் ஹவாயில் அதைச் செய்தே பார்த்தார்கள். பலிக்கவில்லை: குளவிகள் தத்தம் எல்லையைவிட்டுப் பரவுவதில்லை, ஒரு குஞ்சுக்கு ஒரு கரப்பான்தான் கணக்கு. எங்கள் குடியிருப்பின் சாக்கடைத் தொட்டிக்கு அது எம்மாத்திரம்? பூச்சிமருந்து அடிப்பவருக்கு இந்த மாதமும் சொல்லி அனுப்பியிருக்கிறோம்.